பார்சலும் ஒரு பொட்டு மஞ்சளும்

காங்கயத்துக்குத் தெற்கே ஊத்துப்பாறை என்றொரு மேடு. அதன் மேல் ஒரு மடம். மடம் என்றதும் கோபுரமும் யானையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நாலு ஓட்டு வீடு, ஒரு கிணறு, ஒரு தையல் கொட்டகை, ஒரு குரு. அவ்வளவுதான்.

குருவின் பெயர் மரகதவல்லி. ஊரார் வல்லியம்மா என்பார்கள். வயது நாற்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும்.

அவருடைய சீடர்களில் மூத்தவர் நாச்சிமுத்து. மூத்தவர் என்றால் ஞானத்தில் இல்லை, வயதில். அறுபதைக் கடந்தவர். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனை மேய்த்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமான பிறகு மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

சீடர் குருவை ‘அம்மா’ என்பார். குரு சீடரை ‘ஐயா’ என்பார். புதிதாக வருகிறவர்கள் யாருக்கு யார் குரு என்று கொஞ்ச நேரம் முழிப்பார்கள். நாச்சிமுத்துவுக்கு அதில் வெட்கம் ஏதும் கிடையாது.

“கேணி யாரு வெட்டுனா என்னங்க, தண்ணி இருந்தாச் சரி” என்பார்.

மடத்துக்குப் பிழைப்பு துணி. சுற்று வட்டாரத்தில் பருத்திச் சேலையும் வேட்டியும் வாங்கி, கொட்டகையில் ஓரம் அடித்து, மிஞ்சும் துணியில் குழந்தைகளுக்குச் சட்டை தைத்து, போனில் கேட்பவர்களுக்குக் கூரியரில் அனுப்புவார்கள். பார்சல் கட்டுவது நாச்சிமுத்துவின் வேலை. அவரைத் தவிர அதற்குத் தோதான ஆள் யார்?

நாச்சிமுத்துவுக்கு ஒரே ஓர் ஆசை. உபதேசம் வாங்க வேண்டும்.

அந்த மடத்தில் உபதேசத்துக்குத் தடபுடல் ஒன்றும் இல்லை. குரு சீடரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்வார், அல்லது கையில் ஏதாவது ஒன்றைக் கொடுப்பார். வாங்கியவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. வாங்காதவர்கள்தான் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார்கள். நாச்சிமுத்து இரண்டாவது ரகம்.

ஒரு நாள் காலையில் அவர் கேட்டே விட்டார்.

“அம்மா, எனக்கு உபதேசம் எப்பங்க?”

வல்லியம்மா அப்போது கூரியர்காரர் கொடுத்துவிட்டுப் போன ரசீதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, நம்ம பார்சல் எல்லாம் கனமாப் போகுதுங்க.”

“ஆமாங்கம்மா. துணி பாதி, கட்டுறது பாதி.”

“லேசா ஒரு கட்டு கண்டுபிடிங்க. அப்பறம் உபதேசத்தப் பத்திப் பேசலாமுங்க.”

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுப்பார்களா? கப்பல் கப்பலாகப் பனியன் கட்டி அனுப்பிய கை அது.

“ஒரு வாரம் குடுங்கம்மா” என்றார்.

வல்லியம்மா தலையாட்டினார்.

நாச்சிமுத்து முதலில் அட்டைப்பெட்டியை ஒழித்தார். பெட்டியில் ஒரு வஞ்சகம் உண்டு. கூரியர் கம்பெனி எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டியின் நீள அகலத்தையும் அளந்து கணக்குப் போடும். சேலை கொஞ்சமும் பெட்டி பெரிதுமாக இருந்தால் உள்ளே இருக்கும் காற்றுக்கும் சேர்த்துத்தான் வாடகை.

பெட்டிக்குப் பதில் செய்தித்தாளில் சுற்றிச் சணல் கட்டினார். மழையில் நனைந்து போய், ஈரோட்டுக்காரர் ஒருவரின் வேட்டியில் பாதி ராசிபலன் ஒட்டிக்கொண்டது.

அடுத்து, துணியிலேயே உறை தைத்தார். பார்க்க அழகாக இருந்தது. வல்லியம்மாவிடம் கொண்டுபோய் நீட்டினார்.

“துணிக்குத் துணி கட்டியிருக்கீங்களாய்யா?”

“ஆமாங்கம்மா.”

“வெளியில இருக்கறதயும் உடுத்திக்கலாம் போல இருக்குதுங்களே.”

நாச்சிமுத்து உறையைப் பிரித்துக்கொண்டு திரும்பினார்.

பிறகு மக்காச்சோள மாவில் செய்த கவர் என்று ஒன்றை வரவழைத்தார். மண்ணில் மக்கிப் போகுமாம், பூமிக்குக் கேடில்லையாம். மண்ணில் மக்குவதற்குள் மடத்து எலிகள் முந்திக்கொண்டன. காலையில் கொட்டகைக்குப் போனால் கவர்களைக் காணோம், எலிகள் மட்டும் கண்ணில் படுகிற அளவுக்குக் கொழுத்திருந்தன.

“பூமிக்கு நல்லதுதானுங்க. பூமியில எலியும் சேத்தித்தானுங்களே” என்றார் வல்லியம்மா.

கடைசியில் நாச்சிமுத்துவுக்கு வழி கிடைத்தது. மெல்லிய பிளாஸ்டிக் கவர். வெங்காயத் தோல் மாதிரி இருக்கும், ஆனால் இழுத்தால் கிழியாது, மழைக்கு அஞ்சாது. வாயில் ஒட்டும் பட்டை. சேலையை நறுவிசாக மடித்து உள்ளே விட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி ஒட்டிவிட்டால் ஒரு புத்தகத்தின் அளவுக்கு அடங்கிப்போகும். சட்டைக் காலருக்குள் இருக்கும் அட்டையையும் எடுத்தார். குண்டூசிகளை எடுத்தார். விலைச்சீட்டைத் தொங்கவிடும் நூலைக்கூட நறுக்கினார். தராசில் வைத்துப் பார்த்தால் துணியின் எடைதான், வேறு எடையே இல்லை.

மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குருவிடம் போனார்.

“பாருங்கம்மா.”

வல்லியம்மா பார்சலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். லேசாகத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

“இன்னுங் கொஞ்சம் கனமா இருக்குதுங்களே.”

நாச்சிமுத்து பார்சலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தராசுல பாத்தேனுங்கம்மா. துணி எடைதான்.”

“அப்படிங்களா.”

“இதுக்கு மேல எடுக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க.”

“பாருங்கய்யா. அவசரமில்லீங்க.”

அவர் பார்சலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாச்சிமுத்துவிடம் ஒரு வழக்கம் இருந்தது. பார்சல் கட்டும் மேசையில் ஒரு சின்னக் கிண்ணத்தில் மஞ்சள் குழைத்து வைத்திருப்பார். ஒவ்வொரு துணியையும் மடிப்பதற்கு முன்னால் அதன் முனையில் விரலால் ஒரு பொட்டு வைப்பார். “நல்லா இருக்கோணும்” என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வார். நம் வீடுகளில் புதுத்துணி உடுத்துவதற்கு முன் மஞ்சள் வைப்பார்களே, அதுதான். யாரும் அவரை வைக்கச் சொல்லவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. வாங்கியவர்களில் சிலர் போன் செய்து, மஞ்சளைப் பார்த்ததும் மனசு குளிர்ந்துவிட்டது என்றிருக்கிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்ட நாளெல்லாம் நாச்சிமுத்துவுக்குச் சோறே வேண்டாம்.

எடையைக் குறைக்க என்னென்னவோ எடுத்தவருக்கு மஞ்சளை எடுக்கத் தோன்றவில்லை. தோன்றுவானேன்? ஒரு பொட்டு மஞ்சளுக்கு எந்தத் தராசு முள் அசையும்?

புதுக் கவரில் பார்சல்கள் போக ஆரம்பித்தன. கூரியர் செலவு பாதியாகக் குறைந்தது. தையல் கொட்டகைப் பெண்கள் நாச்சிமுத்துவைப் பார்த்து, “ஐயா, நீங்க கெட்டிக்காரருங்க” என்றார்கள். அவரும் அடக்கமாக, “அதெல்லாமில்லீங்க” என்று சொல்லிவிட்டு, இன்னொரு தடவை சொல்ல மாட்டார்களா என்று அங்கேயே நின்றார்.

அப்போதுதான் அந்த போன் வந்தது.

பேசியவர் வெள்ளகோவில் பக்கத்துக்காரர். பெயர் சென்னியப்பன். சந்தன நிறத்தில் ஒரு பருத்திச் சேலை கேட்டிருந்தார். அன்று காலையில்தான் பார்சல் கிடைத்திருக்கிறது.

“பார்சல் கட்டுறது யாருங்க?”

“நாந்தானுங்க. நாச்சிமுத்து.”

“சேலையில மஞ்சள் வெச்சது?”

“அதும் நாந்தானுங்க.” வழக்கமான பாராட்டுத்தான் வரப்போகிறது என்று நாச்சிமுத்து காதை நன்றாகக் கொடுத்தார்.

“ஏனுங்க, எங்கூட்டுல என்ன கல்யாணமா நடக்குது?”

நாச்சிமுத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை.

“எந்தங்கச்சி ஊட்டுக்காரரு தவறிட்டாருங்க. நாளைக்குக் கருமாதி. பொறந்த ஊட்டுக் கோடியா அவளுக்குப் போத்தறதுக்குத்தான் அந்தச் சேலைய வாங்குனேன். கோடிச் சேலைக்கு யாராச்சும் மஞ்சள் வெப்பாங்களா?”

“ஐயோ, சாமி” என்றார் நாச்சிமுத்து.

“பொட்டாட்டம் இருந்தாக்கூட மடிச்சு மறைச்சிருப்பேனுங்க. உள்ளங்கை அகலத்துக்குப் பரவிக் கெடக்குது. பார்சல் இங்க அவ ஊட்டுக்குத்தான் வந்துச்சு, பிரிச்சதே அவதான். பாத்துட்டு ஒண்ணும் பேசாம உள்ள எடுத்துட்டுப் போயிட்டா. இன்னும் வெளிய வரல.”

சென்னியப்பன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நாச்சிமுத்துவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பொட்டு ஏன் பரவியது என்பது பேக்கிங் தெரிந்தவருக்கு உடனே விளங்கிவிட்டது. அட்டைப்பெட்டியில் காற்றோட்டம் உண்டு, மஞ்சள் காய்ந்துபோகும். காற்றை அழுத்தி எடுத்து ஒட்டிய கவருக்குள் ஈரம் எங்கே போகும்? வெயிலில் வேன் ஓடியிருக்கும், கவர் வியர்த்திருக்கும், பொட்டு படர்ந்திருக்கும். அது விளங்கி என்ன ஆகப்போகிறது? துக்க வீட்டுக்கு மஞ்சள் அனுப்பியவர் என்ற பெயர் மறைந்தா போகும்?

அவர் வல்லியம்மாவிடம் போய் நின்றார். நடந்ததைச் சொன்னார்.

“நல்லா இருக்கோணும்னுதானுங்கம்மா வெச்சேன்.”

“தெரியுமுங்கய்யா.”

“தாலி எறக்குன பிள்ளைக்குப் போயி மஞ்சள் வெச்சு அனுப்பியிருக்கறேனுங்களே.”

வல்லியம்மா எழுந்தார். அலமாரியிலிருந்து அதே மாதிரி சந்தன நிறச் சேலை ஒன்றை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

“வாங்க, போயிட்டு வந்துரலாம்.”

“இப்பவேங்களா?”

“கூரியர்ல போட்டா நாளைக்குள்ள போயிச் சேராதுங்க.”

நாச்சிமுத்து பழக்கத்தில் ஒரு கவரை எடுத்தார்.

“அது எதுக்குங்கய்யா?”

“பஸ்ல அழுக்காயிருமுங்கம்மா.”

“கையக் கழுவிட்டு வாங்க. போதும்.”

கழுவினார். சோப்புப் போட்டுக் கழுவினார். விரல் நுனியில் மஞ்சள் போவேனா என்றது.

பஸ்ஸில் அந்தச் சேலையை இரண்டு கைகளிலும் ஏந்தியபடியே உட்கார்ந்திருந்தார். கம்பியைப் பிடிக்க முடியாது, வேர்வையைத் துடைக்க முடியாது. கண்டக்டர் வந்து ஒரு நிமிடம் பார்த்தார்.

“பெரியவரே, மடியில வெச்சுக்கறது?”

“வேண்டாமுங்க.”

“கை வலிக்குமே.”

“வலிக்கட்டுமுங்க.”

வல்லியம்மா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

சென்னியப்பனின் தங்கை ருக்மணியின் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாலைந்து ஆண்கள். துக்க வீட்டில் ‘வாங்க’ என்று சொல்லும் வழக்கம் இல்லை. சென்னியப்பன் எழுந்து நின்று தலையை அசைத்தார். நாச்சிமுத்து சேலையை நீட்டினார்.

“நானுங்க நாச்சிமுத்து. தெரியாமப் பண்ணிட்டனுங்க. மன்னிச்சுக்கோணும்.”

நேரிலேயே வந்து நிற்பார்கள் என்று சென்னியப்பன் எதிர்பார்க்கவில்லை. போனில் இருந்த கடுகடுப்பு முகத்தில் இல்லை.

“இதுக்காகவா இத்தன தூரம் வந்தீங்க? உள்ள வந்து நீங்களே குடுங்க. நாங் கேட்டா அவ பதில் சொல்ல மாட்டேங்கறா.”

உள்ளே ருக்மணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. நெற்றியும் கையும் வெறுமையாக இருந்தன. மடியில் மஞ்சள் பரவிய சேலை.

வல்லியம்மா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“கொஞ்சம் தண்ணி குடிக்கோணும், அம்மிணி.”

“சமையக்கட்டுல பானை இருக்குதுங்க. நான் எடுத்துட்டு வாறேன்.”

“நீங்க இருங்க. நானே குடிச்சுக்கறேன்.”

வல்லியம்மா எழுந்து சமையல்கட்டுக்குள் போய்விட்டார். நாச்சிமுத்து தனியாக மாட்டிக்கொண்டார். நல்ல குரு.

அவர் சேலையை நீட்டியபடி நின்றார்.

“அம்மிணி, இது சுத்தமான சேலை. அதக் குடுத்துருங்க.”

ருக்மணி இந்தச் சேலையை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். மடியிலிருந்ததை எடுக்கவில்லை.

“இது இருக்கட்டுங்க” என்றாள்.

சென்னியப்பன் குனிந்தார். “அதுல மஞ்சள் இருக்குது, அம்மிணி.”

“பாத்தேனுங்கண்ணா.”

“நாலு பேரு பாத்தா என்ன நெனப்பாங்க?”

“நாளைக்குச் சீருக்கு நீங்க அதயே போத்துங்க. நான் ஒண்ணுஞ் சொல்லல. இது எனக்கு இருக்கட்டும்.”

அவள் நாச்சிமுத்துவைப் பார்த்தாள்.

“நீங்கதானுங்களா வெச்சது?”

“நாந்தானுங்க. விவரந் தெரியாம...”

“அவரு போனதுல இருந்து வாறவங்க எல்லாம் எங்கிட்ட இருந்து ஒண்ணொண்ணா எடுத்துட்டே இருக்கறாங்க. பூவ எடுத்தாங்க, வளையல எடுத்தாங்க. கேட்டு வந்தது இந்தப் பார்சல்தான். அதுக்குள்ள கேக்காம இது வந்துச்சு.” அவள் மஞ்சள் பரவிய இடத்தின் மேல் கையை வைத்துக்கொண்டாள். “இதயும் எடுத்துட்டுப் போயிராதீங்க.”

சென்னியப்பன் நிமிர்ந்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கியது. கும்பிட்டார்.

சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டும், துக்க வீட்டு முறை அப்படி. வல்லியம்மா சமையல்கட்டிலிருந்து வந்ததும் இருவரும் கிளம்பினார்கள்.

பஸ் நிறுத்தம் வரை நாச்சிமுத்து பேசவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் மடை திறந்தது. போகும்போது குற்றவாளியாகப் போனவர் வரும்போது கிட்டத்தட்ட சித்தராக ஆகியிருந்தார்.

“பாத்தீங்களாம்மா? நான் தப்புப் பண்ணிட்டேன்னு நெனச்சேன். அதுவே அந்தப் பிள்ளைக்கு மருந்தாயிருச்சு.”

வல்லியம்மா டிக்கெட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

“என்னையறியாம நடந்திருக்குதுங்க. கடவுள் எங்கையப் புடிச்சு வெச்சாருன்னுதான் சொல்லோணும்.”

வல்லியம்மா சன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்.

“இனிமே கவருல சின்னதா ரெண்டு ஓட்டை போட்டுட்டாப் போதுமுங்க. மஞ்சள் பரவாது. வெள்ளைச் சேலை, கலர்ச் சேலை எதுன்னு பாக்காம எல்லாத்துக்குமே வெச்சரலாம். இல்ல, தனியா ஒரு பொட்டலம் மஞ்சளே போட்டு அனுப்பிட்டா என்னங்க?”

“போடலாமுங்க.”

அவர் அப்படிச் சட்டென்று ஒத்துக்கொண்டதும் நாச்சிமுத்துவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“இல்லீங்களாம்மா? வெக்கட்டுமா, வேண்டாமுங்களா? நீங்களே சொல்லிருங்க.”

வல்லியம்மா சன்னலிலிருந்து திரும்பினார்.

“அவங்கூட்டுச் சமையக்கட்டுக்குத் தண்ணி குடிக்கப் போனேனுங்களே.”

“ஆமாங்க.”

“அஞ்சறைப் பெட்டி தெறந்து இருந்துச்சுங்க.”

நாச்சிமுத்து அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“மஞ்சள் நெறைய இருந்துச்சுங்கய்யா.”

அவ்வளவுதான் சொன்னார். பஸ் முத்தூர் பிரிவில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. நாச்சிமுத்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சேலை இல்லாமல் அவை மடியில் சும்மா கிடந்தன. பேச்சு வற்றிப்போய்விட்டது. அவருக்கு அது அபூர்வம்.

காங்கயம் நெருங்கும்போது வல்லியம்மா கேட்டார்.

“முனையில மஞ்சள் வெக்கிற பழக்கம் உங்களுக்கு எப்ப வந்துச்சுங்க?”

“என்ற பழக்கமில்லீங்கம்மா. பாவாத்தாளோட பழக்கம்.”

பாவாத்தாள் அவருடைய மனைவி.

“நான் புதுச் சட்டை எடுத்தா அவதான் காலர்ல ஒரு பொட்டு வெச்சுக் குடுப்பா. குடுத்துட்டு, ‘கறை கிறை பட்டுதுன்னா நான் தொவைக்க மாட்டேன்’னு சொல்லுவா. வெச்சதே அவதான், கறையே அதுதான். அதச் சொன்னாச் சண்டைக்கு வருவா.” சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. “அவ போனதுக்கப்பறம் நான் புதுசு எடுக்கலீங்க. எடுத்தா யாருங்க வெச்சுக் குடுப்பாங்க?”

வல்லியம்மா அவருடைய சட்டையைப் பார்த்தார். காலர் நைந்திருந்தது. ஊருக்கெல்லாம் புதுத்துணி கட்டி அனுப்புகிற மனிதர் இத்தனை நாளும் அந்தச் சட்டையில்தான் நின்றிருக்கிறார். மடத்தில் எல்லோரும் அதைச் சிக்கனம் என்று நினைத்தார்கள். வைராக்கியம் என்று புகழ்ந்தவர்களும் உண்டு.

மறுநாள் நாச்சிமுத்து வழக்கம்போல மேசைக்கு வந்தார். பொள்ளாச்சிக்கு ஒரு குழந்தைச் சட்டை போக வேண்டியிருந்தது. கையளவுச் சட்டை, நீலப் பூப்போட்டது. பார்த்ததும் விரல் தானாகக் கிண்ணத்துக்குப் போனது. மஞ்சளைத் தொடுவதற்கு முன்னால் நின்றது.

கொஞ்ச நேரம் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குழந்தைக்கு ஒரு அம்மா இருப்பாள். பாட்டி இருக்கலாம், அத்தை இருக்கலாம். யார் வைப்பது என்று அவர்களுக்குள் ஒரு போட்டிகூட இருக்கலாம். அது நினைவுக்கு வந்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. மனசு லேசாகத்தான் இருந்தது. விரலை எடுத்துக்கொண்டார். சட்டையை மடித்து, கவருக்குள் விட்டு, ஒட்டினார். கிண்ணத்தைக் கொட்டிவிடலாமா என்று யோசித்தார். மஞ்சள் என்ன பாவம் செய்தது என்று அப்படியே விட்டுவிட்டார்.

வல்லியம்மா வந்தபோது பார்சலை நீட்டினார்.

“பாருங்கம்மா.”

வல்லியம்மா கையில் வாங்கினார்.

“லேசா இருக்குதுங்க.”

“தராசுல அன்னைக்கும் துணி எடைதான், இன்னைக்கும் துணி எடைதானுங்கம்மா.”

“அப்படிங்களா.”

கூரியர் வண்டி வந்தது. பார்சல் போனது. வண்டி மேட்டிலிருந்து இறங்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாச்சிமுத்து மேசைக்குத் திரும்பாமல் அங்கேயே நின்றார்.

“அப்ப, நான் கேட்டதுங்கம்மா?”

“மறக்கலீங்கய்யா.”

வல்லியம்மா அலமாரிக்குப் போனார். மேல் தட்டில் இருந்து ஒரு வேட்டியை எடுத்தார். அன்றைக்குத்தான் ஓரம் அடித்து முடித்த புது வேட்டி. கவர் இல்லை, காகிதம் இல்லை. இரண்டு கைகளாலும் எடுத்து வந்து அவர் கைகளில் வைத்தார். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

உபதேசம் கிடைத்துவிட்டது என்பது நாச்சிமுத்துவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் கண்ணில் நீர் நிறைந்து கன்னத்தில் வழிந்தது. துடைக்கக் கை இல்லை. வேட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். புதுத்துணியின் கஞ்சி வாசம் அடித்தது. எத்தனை வருடமாகிவிட்டது.

பிறகு மெல்ல அதன் முனையைப் பிரித்துப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. அடுத்த முனையைப் பார்த்தார். அதுவும் வெறும் வெள்ளை.

“அம்மா.”

“சொல்லுங்கய்யா.”

“முனையில ஒரு பொட்டு மஞ்சள் வெச்சுக் குடுத்தீங்கன்னா...”

“கிண்ணம் உங்க மேசை மேலதானுங்க இருக்குது” என்றார் வல்லியம்மா.